சவரக்கத்தி முதல் கிராப்பு மெஷின் வரை



நம் வீடுகளில் முகக்கண்ணாடிக்குப் பக்கத்தில், பிடி உடைந்த ஒரு பழைய கோப்பையில் ஒரு ரேசரும் ஒரு பிரஷும் நிற்கும். சில வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் முடி வெட்டும் மெஷினும் இருக்கும். அன்றாடம் கையில் எடுக்கும் பொருள்கள்தாம். அவற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. இன்றைய பேச்சில் அந்தச் சரித்திரத்தைத்தான் பார்க்கப் போகிறோம். அது பத்து காவான் தோட்டத்து லயன் வாசல் வழியாகவும் போகிற சரித்திரம்.

முதலில் அண்மையில் நடந்த ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி, கோவிட் நோய்க்காக நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. முடிதிருத்தும் கடைகளும் சாத்தப்பட்டன. ஏப்ரல் மாதத்தில் அக்கடைகளைத் திறக்கலாம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. அதை முதலில் மறுத்தவர்களில் முடிதிருத்துநர்களும் இருந்தார்கள். 'நாங்கள் வாடிக்கையாளரின் முகத்தருகே நின்று வேலை செய்கிறவர்கள். நோய் எங்களுக்கும் வரும், எங்களால் பிறருக்கும் போகும்' என்பது அவர்கள் வாதம். சில நாட்களிலேயே அந்த அறிவிப்பு கைவிடப்பட்டது. ஜூன் 10ஆம் தேதிதான் கடைகள் மீண்டும் திறந்தன. இடையில் போனவை 84 நாட்கள். அந்தப் பன்னிரண்டு வாரமும் அப்பா பிள்ளைக்கு வெட்டினார். மனைவி கணவனுக்கு வெட்டினார். எத்தனையோ தலைகள் எலி கடித்த பாய்போல ஆயின. சிரித்துக்கொண்டோம். ஆனால் சரியான கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அப்போதுதான் பல வீடுகளில் முதல்முறையாக எழுந்தது.

இனி, பின்னோக்கிப் போவோம்.

சவரக்கத்தி மிகப் பழைய கருவி. சிந்து வெளியில் மொகஞ்சதாரோவைத் தோண்டியபோது செம்பிலும் வெண்கலத்திலும் செய்த சவரக்கத்திகள் கிடைத்தன. புத்த பிக்கு ஒருவர் தமக்கென்று வைத்துக்கொள்ளக் கூடிய பொருள்கள் எட்டே எட்டு. மூன்று ஆடைகள், ஒரு திருவோடு, இடைக்கச்சு, ஊசி, தண்ணீர் வடிகட்டி, இவற்றோடு ஒரு சவரக்கத்தி. அனைத்தையும் துறந்தவருக்கும் சவரக்கத்தி தேவைப்பட்டது.

அந்தப் புத்தர் காலத்தில் உபாலி என்ற நாவிதர் இருந்தார். சாக்கிய இளவரசர்களுக்குச் சவரம் செய்தவர். இளவரசர்கள் துறவு மேற்கொள்ள வந்தபோது உபாலியும் உடன் வந்தார். இளவரசர்கள் புத்தரிடம், 'உபாலிக்கு முதலில் தீட்சை கொடுங்கள். அப்போது அவர் எங்களுக்கு மூத்தவராவார். நாங்கள் அவரை வணங்குவோம். எங்கள் குலச்செருக்கு அடங்கும்' என்று கேட்டுக்கொண்டதாகப் பௌத்த நூல்கள் சொல்லுகின்றன. பிற்காலத்தில் சங்கத்தின் ஒழுக்கவிதிகளை முதல் மாநாட்டில் ஓதியவர் இந்த உபாலிதான். இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் பிற்பகுதியில் இதற்குத் திரும்பி வருவோம்.

ரோமாபுரிக்குக் கி.மு. 300ஆம் ஆண்டு வாக்கில் சிசிலித் தீவிலிருந்து முதன்முதலாக நாவிதர்களை அழைத்துவந்ததாகப் பழைய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். அதற்குமுன் ரோமர்கள் தாடியோடு இருந்தார்கள். எந்த நாடானாலும் ஒன்று பொது. கத்தி கூர்மையானது, தீட்டத் தெரிய வேண்டும், கழுத்தில் வைக்கக் கை நடுங்கக் கூடாது. ஆகவே அது கைதேர்ந்த ஒருவரின் கருவியாகவே இருந்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

அந்தக் கைத்திறனால் நாவிதர் மருத்துவராகவும் இருந்தார். நம் தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்தாருக்கே 'மருத்துவர்' என்ற பெயர் உண்டு. கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது அவர்கள் வேலை. அவ்வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிரசவம் பார்த்தார்கள். இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே 1540ஆம் ஆண்டு நாவிதர்களையும் அறுவை மருத்துவர்களையும் ஒரே சங்கமாக இணைத்தார்கள். 1745ஆம் ஆண்டுதான் இரண்டும் பிரிந்தன. அறுவை மருத்துவர் அங்கே பெரிய மனிதரானார். நம் ஊரில் ஊராரின் பிரசவமெல்லாம் பார்த்த குடும்பத்தைத் திண்ணையில்கூட உட்காரவிடவில்லை.

இப்போது பத்து காவானுக்கு வருவோம். இன்று பினாங்குத் தீவிலிருந்து இரண்டாவது பாலத்தில் ஏறினால் நேரே பத்து காவானில் இறங்கலாம். அந்தப் பாலம் 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 24 கிலோமீட்டர். விளையாட்டரங்கமும் தொழிற்சாலைகளும் அடுக்கு வீடுகளும் இன்று அங்கே நிற்கின்றன. ஒரு காலத்தில் அது ஆறுகளும் கடலும் சூழ்ந்த ஒதுக்குப்புறம். எதிர்க்கரைக்குப் படகில்தான் வரவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தியோச்சூ சீனர்கள் அங்கே கரும்பு பயிரிட்டார்கள். 1840களிலிருந்து வெள்ளைக்காரத் துரைமார் பெரிய கரும்புத் தோட்டங்களைத் திறந்தார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அந்த ஒப்பந்த முறையில் ஆள் சேர்ப்பது 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன்பின் கரும்பு போய், ரப்பரும் தென்னையும் வந்தன. பிறகு செம்பனை வந்தது.

அன்று கப்பலிலிருந்து இறங்கிய தமிழர்களில் பலர் முன்னந்தலையை மழித்துப் பின்னால் குடுமி வைத்திருந்தார்கள். அதே கரும்புக் காட்டில் வேலை செய்த சீனர்களும் முன்னந்தலையை மழித்துப் பின்னால் நீண்ட சடை பின்னியிருந்தார்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டின் பொருளும் வேறு. நம் குடுமி வழக்கத்தால் வந்தது. சீனரின் சடை அரச ஆணையால் வந்தது. மஞ்சு அரசர்கள் 1645ஆம் ஆண்டு சீனத்து ஆண்கள் எல்லோரும் சடை வைக்கவேண்டும் என்று ஆணையிட்டார்கள். மறுத்தவர்களின் தலை போயிற்று. டாக்டர் சுன் யாட் சென் 1910ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுனில் தங்கிப் புரட்சிக்குத் திட்டமிட்டார். மறு ஆண்டு புரட்சி வெடித்து, 1912ஆம் ஆண்டு மஞ்சு ஆட்சி கவிழ்ந்தது. சீனர்கள் சடையை அறுத்தெறிந்தார்கள். ஒரு சிறு கத்தரிக்கோல் செய்த பெரிய வேலை அது.

தமிழர் குடுமி அப்படி ஒரே நாளில் போகவில்லை. மெல்ல மெல்லப் போயிற்று. அதன் இடத்தில் வந்தது 'கிராப்பு'. ஆங்கிலத்தில் 'கிராப்' என்றால் குட்டையாக நறுக்குவது. அந்தச் சொல்லையே நாம் தமிழாக்கிக்கொண்டோம். கிராப்பு வெட்டிக்கொண்ட பேரனைப் பார்த்துத் திட்டாத பாட்டி அந்தக் காலத்தில் அரிது.

கிராப்பைப் பரப்பிய கருவி ஒன்று உண்டு. அதுதான் கைமெஷின். நம் அப்பாக்களின் பிடரியில் 'கிருக் கிருக்' என்று ஓடியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் பரவியது. அதன் அமைப்பு எளிமையானது. சீப்புபோல் பல் வெட்டிய இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். கீழ்த்தகடு அசையாது. கைப்பிடியை அழுத்தினால் மேல்தகடு பக்கவாட்டில் நகரும். விட்டால் வில் அதைத் திரும்பத் தள்ளும். இரண்டு பல்லுக்கு நடுவே அகப்பட்ட முடி துண்டாகும். பல் மூடுவதற்குமுன் கையை இழுத்தால் முடி வெட்டுப்படாது, பிடுங்கிக்கொண்டு வரும். சிறுவயதில் நாம் அலறியது அதற்காகத்தான்.

பாரிஸ் நகரத்தில் பாரிக்கான் ஏ மார் என்ற கம்பெனி இந்த மெஷின்களைச் செய்தது. அவை ஜப்பானுக்குப் போயின. ஜப்பானியர் மெஷின்மேல் பொறித்திருந்த கம்பெனிப் பெயரையே மெஷினின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஜப்பானிய மொழியில் முடி வெட்டும் மெஷினுக்குப் பெயர் 'பாரிகான்'. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் பினாங்கைப் பிடித்த ஜப்பானியச் சிப்பாய்களின் ஒட்ட வெட்டிய தலைகள் அந்த மெஷினின் வேலைதான்.

தோட்டத்துக்கு வந்த நாவிதரைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. லயனுக்குப் பக்கத்தில் ஒரு மரம். கீழே ஒரு முக்காலி அல்லது கவிழ்த்த பெட்டி. அவருடைய தகரப் பெட்டியில் மடக்கு கத்தி, தீட்டுக்கல், தோல்வார், கத்தரிக்கோல், சீப்பு, கைமெஷின், பித்தளைக் கிண்ணம், ஒரு கட்டிப் படிகாரம். கத்தியைக் கல்லில் தீட்டி, பிறகு வாரில் முன்னும் பின்னும் இழுத்து, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பதம் பார்ப்பார். ஒரே கத்தி, ஒரே கிண்ணம், ஒரே படிகாரம். மரத்தடியில் வரிசை. தோட்டத்துச் செய்தியெல்லாம் அங்கேதான் பிறக்கும்.

அந்த மரத்தடியில் இன்னொன்றும் நடந்தது. அதை மறைக்காமல் சொல்லவேண்டும். எல்லாத் தலையும் அந்த முக்காலியில் உட்கார முடியவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சவரம் செய்யக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. செய்தால் மேல்சாதிக்காரர்கள் அந்த நாவிதரையே ஒதுக்கிவைத்தார்கள். கட்டுப்பாட்டை விதித்தவர் ஒருவர். அதற்குக் கருவியாக்கப்பட்டவர் மற்றொருவர். நாவிதரும் ஒடுக்கப்பட்டவர்தாம். தம்மினும் கீழே வைக்கப்பட்டவரின் தலையைத் தொட்டால் தம் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சும்படி அவரை வைத்திருந்தார்கள். கப்பலேறியவர்கள் பாயையும் சட்டியையும் மட்டும் கொண்டுவரவில்லை. சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இது எவ்வளவு ஆழமான வழக்கம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. இந்திய நாடாளுமன்றம் 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தில் 'கடை' என்றால் என்ன என்று விளக்கவேண்டியிருந்தது. அந்த விளக்கத்தில் சலவை நிலையத்தையும் முடிதிருத்தும் நிலையத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். சும்மா 'கடை' என்று எழுதியிருந்தால், 'முடிவெட்டும் இடம் கடையல்ல' என்று சொல்லி யாரேனும் தப்பித்துக்கொள்ளக்கூடும். ஒரு மனிதன் தலைமுடி வெட்டிக்கொள்வதற்கு நாடாளுமன்றத்தின் சட்டம் வேண்டியிருந்தது, நேயர்களே!

இதற்கு நடுவே கடல்கடந்து இன்னொரு கருவி புறப்பட்டது.

பிரான்சு நாட்டில் பெரே என்ற கத்தித் தொழிலாளி, 1769ஆம் ஆண்டு தனக்குத்தானே சவரம் செய்துகொள்வது பற்றி ஒரு நூல் எழுதினார். கத்தியின் ஓரத்தில் மரக்காப்பு வைத்தால் தோல் அறுபடாது என்பது அவர் கண்ட வழி. 1880ஆம் ஆண்டு அமெரிக்காவில் காம்ப் சகோதரர்கள் மண்வெட்டி வடிவில் ஒரு காப்பு ரேசர் செய்தார்கள். ஆனால் அதன் கத்தியையும் அடிக்கடி தீட்டவேண்டியிருந்தது. கிங் கேம்ப் ஜில்லெட் என்ற வியாபாரி ஒருவர் வேறுவிதமாக யோசித்தார். தீட்டவே வேண்டாம், மெல்லிய தகட்டில் இருபுறமும் கூராக்கி, மழுங்கினால் தூக்கியெறிவோம் என்றார். அவ்வளவு மெல்லிய எஃகைக் கூராக்க முடியாது என்று பலரும் சொன்னார்கள். நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1903ஆம் ஆண்டு விற்பனை தொடங்கியது. அந்த ஆண்டு முழுவதும் விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். அடுத்த ஆண்டே 90,000 ரேசர்களுக்கு மேல் விற்றன. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர்கள் வாங்கியது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் தாமே சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தோடு திரும்பினார்கள்.

அந்த ரேசர் பினாங்கு துறைமுகத்துக்கும் வந்தது. பட்டணத்துக் கடையிலிருந்து தோட்டத்துக் கடைக்கு வந்தது. முதலில் துரை, பிறகு கிராணி, பிறகு தண்டல், கடைசியில் பால் வெட்டும் தொழிலாளி. ஒரு காகித உறையில் சுற்றிய பிளேடு. அதை வாங்க யாரிடமும் சாதி சொல்லவேண்டியதில்லை. காசு கொடுத்தால் போதும். யாருடைய முக்காலியிலும் இடம் கேட்டு நிற்கவேண்டியதில்லை. தன் முகத்தைத் தன் கண்ணாடியில் பார்த்துத் தன் கையால் மழித்துக்கொள்ளலாம். பிளேடு செய்த கம்பெனி இதையெல்லாம் நினைத்துச் செய்யவில்லை. அது லாபத்தை நினைத்தது. ஆனாலும் மரத்தடியில் இடம் கிடைக்காதவனுக்கு அந்த இரும்புத்துண்டு ஒரு சுயமரியாதையைக் கொடுத்தது.

அந்தக் காலத்துப் பிளேடுக்கு ஒரு குறை உண்டு. கரி கலந்த எஃகு என்பதால் நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். ஜப்பானியர் காலத்தில் புதுப் பிளேடு கிடைக்காதபோது, பழைய பிளேடைக் கண்ணாடிக் கோப்பையின் உட்புறத்தில் தேய்த்துத் தீட்டி ஓட்டினார்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913ஆம் ஆண்டே துருப்பிடிக்காத எஃகைக் கண்டிருந்தார். ஆனால் அந்த எஃகில் செய்த பிளேடு 1960களின் தொடக்கத்தில்தான் பரவலாகக் கடைக்கு வந்தது. 1971ஆம் ஆண்டு இரட்டைப் பிளேடு ரேசரும், 1975ஆம் ஆண்டு முழுவதையும் தூக்கியெறியும் பிளாஸ்டிக் ரேசரும் வந்தன.

இனி நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். தாய்மார்கள் கவனித்துக் கேட்கவேண்டிய பகுதி இது.

முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிலருக்கு முகத்தில் கரும்புண் தோன்றியது; சிலர் இறந்தும் போனார்கள். ஆராய்ந்தபோது காரணம் சவரப் பிரஷ் என்று தெரிந்தது. சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை மயிரில் ஆந்திராக்ஸ் என்னும் கால்நடை நோயின் கிருமி இருந்தது. சவரத்தில் பட்ட சிறு கீறல் வழியே அது உள்ளே போயிற்று. 1920ஆம் ஆண்டு இங்கிலாந்து ஜப்பானியச் சவரப் பிரஷ்களின் இறக்குமதியையே தடை செய்தது.

இன்றைய ஆபத்து பெரும்பாலும் பிரஷில் இல்லை, கத்தியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கசியும். ஹெப்படைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோயின் கிருமி, உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத்திலும் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. ஹெப்படைட்டிஸ் சி நோயும் இரத்தத்தால் பரவும். மலேசியாவில் 1989ஆம் ஆண்டு முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள். அதற்குமுன் பிறந்த பெரியவர்களில் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே அப்பாவும் மகனும் ஒரே பிளேடைப் பயன்படுத்தக்கூடாது. அண்ணனுக்கும் தம்பிக்கும்கூடத் தனித்தனி ரேசர் வேண்டும். பல் துலக்கும் பிரஷை நாம் பங்கிடுவதில்லை அல்லவா? ரேசரும் அப்படித்தான்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகிறோம். நேர்த்திக்கடனுக்கு முடி இறக்குகிறோம். குழந்தையின் தலையில் கத்தி வைக்குமுன், புதுப் பிளேடின் உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். முடிதிருத்துநர் கைப்பிடியில் பாதிப் பிளேடு மாட்டும் கத்தியைத்தான் இன்று பயன்படுத்துகிறார். ஒரு தலைக்கு ஒரு பிளேடு என்பது அவருக்கும் பாதுகாப்பு. கேட்பதில் தவறில்லை. நல்ல தொழிலாளி முகம் சுளிக்கமாட்டார்.

சரி, வீட்டுக்கு எந்தக் கருவியை வாங்குவது?

முதலில் சவரம். பழைய மடக்கு கத்தி அழகானது. ஆனால் தீட்டத் தெரியாதவர் கையில் அது ஆபத்து. வீட்டுக்கு வேண்டாம். இருபக்கப் பிளேடு போடும் உலோக ரேசர் சிக்கனமானது. ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு வரும். பிளேடு மட்டும் மாற்றினால் போதும். அழுத்தாமல், ரேசரின் கனத்திலேயே ஓட்டவேண்டும். இரட்டை, மூன்று பிளேடு ரேசர்கள் பழகுவதற்கு எளிது, செலவு கூடுதல். சுருட்டை முடி உள்ளவர்களுக்கு நெருங்கி மழித்தால் முடி உள்ளே வளைந்து வளர்ந்து கொப்புளம் வரும். அவர்கள் ஒற்றைப் பிளேடில், முடி வளரும் திசையிலேயே ஒருமுறை மட்டும் மழிப்பது நல்லது. அதிலும் கொப்புளம் வந்தால் மின்சார டிரிம்மரில் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் இந்த யோசனை பொருந்தும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். நீரிழிவு உள்ளவரின் சிறு கீறலும் ஆற நாளாகும்.

எந்த ரேசரானாலும் முறை ஒன்றே. வெதுவெதுப்பான நீரால் முகத்தை இரண்டு நிமிடம் நனையுங்கள். சவர்க்கார நுரை போடுங்கள். மழித்தபின் ரேசரைக் கழுவி, உதறி, காற்றாட வையுங்கள். பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். குப்பை அள்ளுகிறவரின் கையும் கைதான். ஒரு காலிப் பால் டின்னின் மூடியில் சிறு கீற்று வெட்டி, அதனுள் போட்டுவாருங்கள். டின் நிறைந்ததும் கீற்றை ஒட்டி மூடி எறியுங்கள்.

அடுத்து முடி வெட்டும் மெஷின். கையிலேயே மோட்டாரை அடக்கிய மின்சார மெஷினுக்கு 1919ஆம் ஆண்டு காப்புரிமை கேட்டவர் அமெரிக்காவின் லியோ வால். அதற்குமுன் மோட்டார் ஒருபுறம் இருக்க, வளையும் தண்டு வழியாக மெஷினுக்கு விசை வரும். நம் லயன்களில் பலவற்றுக்கு மின்சாரம் தாமதமாகவே வந்தது. அதனால்தான் கைமெஷின் இங்கே நெடுநாள் வாழ்ந்தது. இன்று நிலைமை வேறு. வாங்கும்போது நான்கு காரியம் பாருங்கள்.

ஒன்று, மின்சாரம். 230, 240 வோல்ட்டுக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் ஏற்றதா என்று மெஷினில் எழுதியிருக்கும். வெளிநாட்டிலிருந்து யாரேனும் கொண்டுவந்த 110 வோல்ட் மெஷினை நம் சுவரில் மாட்டினால் புகைந்துவிடும்.

இரண்டு, பற்கள். மேலே அசையும் தகட்டின் பல்நுனி, கீழ்த்தகட்டின் பல்நுனிக்கு ஒரு மயிரிழை பின்னால் இருக்கவேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் தோலை வெட்டும். திருகாணியைத் தளர்த்திச் சரிசெய்யும் வசதியும், மாற்றுத் தகடு கடையில் கிடைக்குமா என்பதும் விலையைவிட முக்கியம்.

மூன்று, அளவுச் சீப்புகள். 1ஆம் எண் சீப்பு முடியை 3 மில்லிமீட்டர் நீளத்தில் விடும். 2ஆம் எண் 6, 3ஆம் எண் 10, 4ஆம் எண் 13 மில்லிமீட்டர். புதிதாக வெட்டுகிறவர் 4ஆம் எண்ணில் தொடங்குங்கள். நீளமாக விட்டதைக் குறைக்கலாம். குறைத்ததை நீட்ட முடியாது. பிடரியிலிருந்து மேல்நோக்கி மெதுவாக ஓட்டுங்கள். உச்சியைச் சீப்பும் கத்தரிக்கோலும் கொண்டு வெட்டுங்கள்.

நான்கு, பராமரிப்பு. நாம் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள். எண்ணெய்த் தலையில் மெஷினை ஓட்டினால் முடி திரண்டு பல்லில் அடைத்துக்கொள்ளும். தலைக்குக் குளிப்பாட்டி, நன்றாகத் துவட்டி, உலர்ந்தபின் வெட்டுங்கள். வெட்டி முடிந்ததும் பல்லைப் பிரஷால் துடைத்து, மருந்துக்கடையில் விற்கும் 70 சதவிகித ஆல்கஹாலால் நனைத்துத் துடைத்து, மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். தலையில் படர்தாமரையோ பேனோ உள்ள பிள்ளைக்கு வெட்டிய மெஷினைச் சுத்தம் செய்யாமல் அடுத்த பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

ஒருவர் கேட்கலாம்: வீட்டுக்கு வீடு மெஷின் வந்துவிட்டால் முடிதிருத்துநர் பிழைப்பு என்னாவது? நியாயமான கேள்விதான். உண்மையில் நம் நாட்டு இந்திய முடிதிருத்தும் கடைகளின் குறை வாடிக்கையாளர் இல்லை என்பதல்ல; தொழிலாளர் இல்லை என்பதே. ஆள் கிடைக்காமல் பல கடைகள் தள்ளாடின. நெடுநாள் முறையீட்டுக்குப்பின் 2023ஆம் ஆண்டில்தான் முடிதிருத்தல், பொற்கொல்லர் தொழில், துணிக்கடை ஆகிய மூன்று துறைகளுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்க அரசாங்கம் இசைவு தந்தது. நம் இளைஞர்கள் ஏன் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை? சம்பளம் ஒரு காரணம். வேறொரு காரணத்தையும் நாம் அறிவோம். 'நம் பிள்ளை போய்ச் சவரம் செய்வதா?' என்று வீட்டிலே பேசுகிறோம். மரத்தடி முக்காலி போய்விட்டது. அதில் ஒட்டியிருந்த எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை.

உபாலியின் கதையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். இளவரசர்கள் முதலில் தலையைக் குனிந்தார்கள் கத்திக்காக; பிறகு குனிந்தார்கள் அந்த மனிதருக்காக. 2020ஆம் ஆண்டில் அந்த 84 நாட்களும் தம் பிள்ளையின் தலையில் மெஷினை ஓட்டிப் பார்த்த தந்தைமார், ஒரு காதோரத்தை நேராக வெட்டுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்துகொண்டார்கள். அது அறிவு வேண்டிய வேலை. பொறுமை வேண்டிய வேலை. மற்றவர் உடலைக் காயப்படுத்தாமல் காக்கும் வேலை.

ஆகவே வீட்டில் ஒரு நல்ல மெஷின் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு ரேசர் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு முடி வெட்டும்போது அந்தக் கத்தி வந்த வழியையும் சொல்லிக்கொண்டே வெட்டுங்கள். அடுத்தமுறை கடைக்குப் போனால், வெட்டி முடித்தவருக்குக் காசோடு ஒரு நன்றியும் சொல்லிவிட்டு வாருங்கள்.